இங்கிலாந்து முன்னோரைத் தேடுதல்: பழகுநர் ஆவணங்களும் பங்குப் பதிவேடுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் பெரம்பூர், பரங்கிமலைப் பகுதிகளில் வேர்கொண்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினரும், இங்கிலாந்தில் மணம் முடித்து அங்கேயே பிள்ளைகளை வளர்க்கும் தமிழரும், தங்கள் குடும்பத்தின் ஆங்கிலேயக் கிளையைப் பற்றி ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பங்குப் பதிவேடு, அதாவது ஊர்த் தேவாலய வட்டாரத்தின் பதிவேடு, ஒருவரை அவருடைய ஊருக்குள் மட்டுமே அறியும். அவர் ஊரைவிட்டுப் போன பிறகு அதில் அவரைப் பற்றி ஒன்றும் இருக்காது. ஓர் ஆசானிடம் பழகுநராகத் தொழில் கற்க ஊரைவிட்டுப் போன பையனையும் ஊரிலேயே இருந்த தந்தையையும் ஒரே வரியில் எழுதி வைத்தவை பழகுநர் ஆவணங்கள். இரண்டையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவருக்கே பெரும்பாலான குடும்பங்களில் வழி திறக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு பெயரும், "லண்டன்காரர்" என்ற பேச்சும் மட்டும்தான் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மனிதரிடமிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். அதே குடும்பப் பெயருள்ள பழைய ஒருவரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்கிறது. அந்தத் திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயருக்கும் தொழிலுக்கும் இடம் உண்டு. ஆகையால் 1840-களில் மணந்தவரின் சான்றிதழ் ஒன்றே, பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த தந்தையிடம் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1841 கணக்கில் பெரியவர்களின் வயது பெரும்பாலும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதப்பட்டிருக்கும். அதே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பகுதி) பிறந்தவரா என்பது மட்டும் தெரியும். பிறந்த பங்கின் பெயர் 1851 கணக்கிலிருந்துதான் வருகிறது. எனவே உங்கள் முன்னோர் 1851 வரை உயிரோடு இருந்தாரா என்பதை முதலில் பாருங்கள். அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார் என்றால், இனி வரும் ஆவணங்கள்தான் வழி.

பங்குப் பதிவேடு என்பது என்ன? அதில் பிறந்த தேதி இருக்குமா?

இங்கிலாந்தில் பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் எல்லை மட்டுமன்று. ஏழைகளைக் காப்பது, அதற்கு வரி வசூலிப்பது, சாலையைச் சீர்செய்வது எனப் பல ஊர்க் காரியங்களையும் அதுவே பார்த்தது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். தொடக்கத்தில் பல ஊர்களில் தாளில் எழுதினார்கள். 1598 முதல் தோல் ஏட்டில் எழுத வேண்டும், பழையவற்றையும் குறைந்தது 1558 முதலாவது அதில் படியெடுக்க வேண்டும், ஆண்டுதோறும் ஒரு நகலைப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதிகள் வந்தன. பல ஊர்களின் பதிவேடு 1538-இல் தொடங்காமல் 1558-இல் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

பிறந்த தேதியை எதிர்பார்க்காதீர்கள். பதிவாவது ஞானஸ்நானத் தேதி; குழந்தை பிறந்து சில நாட்களிலும் அது நடந்திருக்கலாம், சில ஆண்டுகள் கழித்தும் நடந்திருக்கலாம். பழைய பதிவுகளில் "இன்னாரின் மகன் இன்னார்" என்பதோடு வரி முடிந்துவிடும். தாயின் பெயரே பல இடங்களில் இராது. அச்சிட்ட படிவத்தில் பெற்றோரின் இருப்பிடமும் தந்தையின் தொழிலும் ஒழுங்காக இடம்பெறுவது 1813 ஜனவரி 1 முதல்தான். அடக்கப் பதிவில் வயது முறையாக வருவதும் அப்போதிருந்துதான். இதற்கு ஓர் இனிய விதிவிலக்கு வடக்கே இருக்கிறது. யார்க் நகரப் பாதிரியார் வில்லியம் டேட் 1770-களில் வகுத்த முறையைப் பின்பற்றிய பங்குகளில் குழந்தையின் இருபக்கப் பாட்டனார்களின் பெயரும் தொழிலும்கூட எழுதப்பட்டன. உங்கள் குடும்பம் யார்க்ஷயரைச் சேர்ந்தது என்றால் 1777-க்குப் பிந்தைய பதிவுகளை அவசியம் பாருங்கள்.

இந்தப் பதிவேடுகள் இப்போது எங்கே இருக்கின்றன? அந்தத் தேவாலயத்துக்கே எழுதிக் கேட்கலாமா?

பெரும்பாலும் அங்கே இருக்காது. 1978-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு, எழுதி முடிக்கப்பட்டு நூறாண்டு கடந்த பதிவேடுகள் பொதுவாக அந்தந்த மறைமாவட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட கவுண்டி ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டன. பேராயருக்கு அனுப்பிய நகல்கள் தனியாகக் கிடைக்கும். மூலப் பதிவேடு ஈரத்திலோ தீயிலோ அழிந்திருந்தால் அந்த நகல்தான் கைகொடுக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் விட்டுப்போனது மற்றொன்றில் இருப்பதுண்டு.

ஃபேமிலிசர்ச், ஃப்ரீரெக் ஆகிய தளங்களில் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி யாரோ வாசித்துத் தட்டச்சு செய்த சுருக்கம். தொழில், "விதவை" என்ற குறிப்பு, ஓரத்தில் எழுதிய ஒரு சொல் எல்லாம் சுருக்கத்தில் காணாமல் போகும். எந்தப் பதிவையும் உங்கள் குடும்பத்தோடு சேர்ப்பதற்கு முன் மூலத்தின் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழகுநர் ஒப்பந்தம் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கும்?

பதினான்கு வயதை ஒட்டிய ஒரு பையனை அவன் தந்தை ஒரு தொழில் ஆசானிடம் ஒப்படைப்பதற்கான பத்திரம் அது. 1563-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்போது நடைமுறையில் இருந்த ஒரு தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் குறைந்தது ஏழு ஆண்டுகள் பழகியிருக்க வேண்டும்; அந்த விதி 1814 வரை சட்டத்தில் இருந்தது. ஆசான் உணவும் உறைவிடமும் உடையும் தந்து தொழிலைக் கற்றுக்கொடுப்பார். பையன் அவருடைய இரகசியங்களைக் காப்பான், சூதாட மாட்டான், மதுக்கடைகளைச் சுற்ற மாட்டான், காலம் முடியும்வரை திருமணம் செய்ய மாட்டான் என்று வாக்களிப்பான். தந்தை ஒரு சேர்ப்புத் தொகையும் கட்டுவார்.

ஒரே வாசகத்தை ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவே நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வது பழைய வழக்கம். பின்னால் வழக்கு வந்தால் இரு பாதிகளின் விளிம்புகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிடலாம். நமக்கு வேண்டியது அதன் முதல் சில வரிகள்: பையனின் பெயர், தந்தையின் பெயர், தந்தை வாழும் ஊர், அவர் தொழில், அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா, ஆசானின் பெயர், ஊர், தொழில். வேறு எந்த ஒற்றை ஆவணமும் இத்தனையை ஒரே இடத்தில் தருவது அரிது.

அந்தப் பத்திரமே கைக்குக் கிடைக்குமா?

அரிதாகவே கிடைக்கும். அது இரு தரப்புக்கும் இடையிலான தனிப்பட்ட பத்திரம். காலம் முடிந்ததும் பெட்டியில் கிடந்து அழிந்தவையே மிகுதி. நாம் தேட வேண்டியது, அந்தப் பத்திரத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த பதிவுகளை.

முதலாவது, வரிப் பதிவேடு. 1710 முதல் சேர்ப்புத் தொகைமீது அரசு முத்திரைத் தீர்வை விதித்தது. 50 பவுண்டு வரை பவுண்டுக்கு ஆறு பென்ஸ், அதற்கு மேல் பவுண்டுக்கு ஒரு ஷில்லிங். கட்ட வேண்டியவர் ஆசான். அந்தக் கணக்கேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.ஆர். 1 என்ற வரிசையில் 1710 முதல் 1811 வரை இருக்கின்றன. ஆன்செஸ்ட்ரி தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இரண்டாவது, நகரங்களின் பதிவேடுகள். பிரிஸ்டல் நகரின் பழகுநர் பதிவேடு 1532-லேயே தொடங்குகிறது. ஷெஃபீல்டில் கத்தி செய்வோரின் கம்பெனி 1624-இல் அமைந்தது முதல் பழகுநர்களைப் பதிந்து வந்தது. மூன்றாவது, லண்டனின் லிவரி கம்பெனிகள் எனப்படும் தொழிற்குழுமங்களின் ஏடுகள். பலவற்றின் ஏடுகள் கில்டுஹால் நூலகத்தில் இருக்கின்றன, சில கம்பெனிகள் தாமே வைத்திருக்கின்றன. நான்காவது, பழகி முடித்தவர் லண்டனின் நகர உரிமை, அதாவது நகருக்குள் தொழில் நடத்தும் உரிமை, பெறும்போது எழுந்த தாள்கள். 1681 முதலான இவை லண்டன் மெட்ரோபாலிட்டன் ஆர்க்கைவ்ஸ் என்று இருந்து இப்போது லண்டன் ஆர்க்கைவ்ஸ் எனப் பெயர் மாறியுள்ள காப்பகத்தில் உள்ளன. ஏழைப் பிள்ளைகளுக்கான பதிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது.

வரிப் பதிவேட்டில் தேடிவிட்டேன், பெயரே இல்லை. அப்படியானால் அவர் பழகுநராக இருக்கவில்லை என்றுதானே பொருள்?

அப்படி முடிவு செய்யக் கூடாது. மகன் தந்தையிடமே தொழில் கற்றால் பல வீடுகளில் பத்திரமும் இல்லை, தொகையும் இல்லை. தொகை ஒரு ஷில்லிங்குக்குக் குறைவாக இருந்தாலும், பங்கோ அறக்கட்டளையோ பையனைச் சேர்த்துவிட்டிருந்தாலும் வரி கிடையாது. நெசவு போன்ற எளிய தொழில்களில் தொகை வாங்காத ஆசான்களும் உண்டு. பழகும் காலம் முடிந்து ஓராண்டு வரை வரி கட்டலாம் என்று இருந்ததால், 1730-இல் சேர்ந்த பையனின் பதிவு 1738-இல்கூட வரலாம். நீங்கள் தேடும் ஆண்டுகளை அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஏறத்தாழ 1752-க்குப் பிறகு இந்த வரிப் பதிவேட்டில் தந்தையின் பெயரை எழுதுவது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே அதற்குப் பிந்தைய காலத்தில் இந்தப் பதிவேடு ஆசான் யார் என்பதை மட்டுமே சொல்லும். ஆசானின் ஊரும் தொழிலும் தெரிந்தால், அவர் எந்த நகரத்தின், எந்தக் கம்பெனியின் ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். தந்தையின் பெயரை அங்கே தேடுங்கள்.

சொல்வதெல்லாம் சரி, ஒரு மனிதரை வைத்து இதை முழுவதுமாகக் காட்ட முடியுமா?

கவிஞரும் செதுக்கோவியருமான வில்லியம் பிளேக்கை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1757 நவம்பர் 28. லண்டன் பிக்கடில்லியில் உள்ள புனித யாக்கோபு தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றது டிசம்பர் 11. பதினான்கு வயதில், 1772 ஆகஸ்டில், ஜேம்ஸ் பசீர் என்ற செதுக்கோவியரிடம் ஏழு ஆண்டுகளுக்குப் பழகுநராகச் சேர்ந்தார். ஸ்டேஷனர்ஸ் கம்பெனியின் ஏடு தந்தையின் பெயர் ஜேம்ஸ், இருப்பிடம் கார்னபி சந்தையை அடுத்த பிராட் தெரு, தொழில் காலுறை வணிகம், கட்டிய தொகை 52 பவுண்டு 10 ஷில்லிங் என்று அனைத்தையும் தருகிறது. முந்தைய பதிலில் சொன்னபடி, 1772-ஆம் ஆண்டின் வரிப் பதிவேட்டை மட்டும் நம்பும் ஒருவர் தந்தையின் பெயரை எதிர்பார்க்க முடியாது. கம்பெனியின் ஏடுதான் அதைத் தருகிறது. கையில் இருக்கும் இந்த ஒரு வரியிலிருந்து அதே பகுதியின் ஞானஸ்நானப் பதிவுக்குப் போனால் தந்தையின் பெயரை ஒத்துப்பார்த்துவிடலாம்.

1782 ஆகஸ்ட் 18 அன்று பேட்டர்சீ புனித மரியாள் தேவாலயத்தில் அவர் கேதரின் பூச்சரை மணந்தார். அந்தப் பதிவேட்டில் மணமகள் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி ஒன்றை இட்டிருக்கிறார். 1754 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டத்துக்குப் பிறகு மணமக்களும் இரு சாட்சிகளும் கையெழுத்தோ குறியோ இட வேண்டும் என்பதால்தான் இது நமக்குத் தெரிகிறது. 1827-இல் அவர் இறந்தபோது அடக்கம் நடந்த இடம் பன்ஹில் ஃபீல்ட்ஸ். இங்கிலாந்து திருச்சபைக்கு வெளியே நின்ற கிறிஸ்தவர்களின் இடுகாடு அது. பங்கின் அடக்கப் பதிவை மட்டும் புரட்டியவருக்கு அவர் கிடைத்திருக்க மாட்டார்.

பிளேக்கின் தாயார் வழியில் இன்னும் நுட்பமான பாடம் இருக்கிறது. ஜேம்ஸ் பிளேக்கை அவர் 1752 அக்டோபரில் மேஃபேரில் இருந்த ஒரு சிற்றாலயத்தில் மணந்தார். ஓலை வாசிக்காமலே, அதாவது ஆலயத்தில் முன்கூட்டி அறிவிக்காமலே, விரைந்து திருமணம் செய்துவைப்பதற்குப் பெயர்போன இடம் அது. அந்தப் பதிவில் அவர் பெயரோடு இருப்பது பிறந்த வீட்டுப் பெயரன்று. தாமஸ் ஆர்மிடேஜ் என்ற காலுறை வணிகரான முதல் கணவரின் பெயர். அவரும் ஆர்மிடேஜும் மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையோடு கொண்டிருந்த தொடர்பை அச்சபையின் ஆவணங்கள் காட்டுகின்றன. திருமணப் பதிவில் காணும் பெண்ணின் குடும்பப் பெயரை அவர் தந்தையின் பெயர் என்று எடுத்துக்கொள்வதற்கு முன், அவர் விதவையாக இருந்திருக்கலாமா என்று எப்போதும் கேளுங்கள்.

நகர உரிமைத் தாளில் "டிரேப்பர்" என்று இருக்கிறது. அப்படியானால் அவர் துணி வியாபாரிதானே?

லண்டனில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கம்பெனியின் உறுப்பினராகி நகர உரிமை பெற்றவர் வேறு தொழிலையும் செய்யலாம் என்பது லண்டன் நகரின் வழக்கம். அவரிடம் பழகிய பையன்களும் அவருடைய கம்பெனியின் பெயரிலேயே உரிமை பெற்றார்கள். செதுக்கோவியரான பசீர் புத்தக வணிகர்களின் கம்பெனியான ஸ்டேஷனர்ஸில் இருந்ததை மேலே பார்த்தோம்.

ஆகவே கம்பெனியின் பெயரை எந்த ஏட்டில் தேடுவது என்பதற்குப் பயன்படுத்துங்கள். தொழில் என்ன என்பதைப் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு, உயில், வரிப் பதிவேடு ஆகியவற்றில் உறுதி செய்யுங்கள். நகர உரிமை மூன்று வழிகளில் கிடைத்தது: பழகுநராக இருந்து முடித்தல், உரிமை பெற்ற தந்தையின் பிள்ளையாக இருத்தல், பணம் கட்டுதல். இரண்டாவது வழியில் வந்தவருக்குப் பழகுநர் பதிவு இருக்க வேண்டியதில்லை; அதற்குப் பதிலாகத் தந்தையின் பெயர் அந்தத் தாளிலேயே இருக்கும்.

எங்கள் முன்னோர் பரம ஏழையாம், அநாதை என்றும் சொல்கிறார்கள். ஏழைக்கு எந்தப் பதிவு இருக்கப் போகிறது?

பலர் மனந்தளர்ந்து கேட்கும் கேள்வி இது. உண்மையில், ஓரளவு வசதியாக வாழ்ந்தவரைவிட ஏழையைப் பற்றியே பங்கு அதிகம் எழுதியது, ஏனெனில் ஏழைக்குச் செலவழித்த ஒவ்வொரு பென்னிக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1601-ஆம் ஆண்டு ஏழைகள் சட்டப்படி, பங்கின் பொறுப்பாளர்களும் ஏழைகள் மேற்பார்வையாளர்களும் இரு நீதிபதிகளின் ஒப்புதலோடு ஏழைப் பிள்ளைகளைப் பழகுநராகச் சேர்த்துவிடலாம். பையனுக்கு 24 வயது வரை, பெண்ணுக்கு 21 வயது அல்லது திருமணம் வரை. பையனுக்கான எல்லை 1778-இல் 21 ஆகக் குறைந்தது. தொழில் என்பது பல நேரங்களில் பெயருக்குத்தான். பண்ணை வேலையும் வீட்டு வேலையுமே பெரும்பாலோருக்குக் கிடைத்தன. இந்தப் பத்திரங்களின் ஒரு பிரதியைப் பங்கே பெட்டியில் வைத்துக்கொண்டதால், தனியார் பத்திரங்களைவிட இவை அதிகமாகத் தப்பியிருக்கின்றன. 1802 முதல் பங்குப் பழகுநர்களுக்கென்று தனிப் பதிவேடு வைப்பதும் கட்டாயமாயிற்று.

பிள்ளை எவ்வளவு தொலைவு போயிருக்க முடியும் என்பதை ராபர்ட் பிளிங்கோவின் வாழ்க்கை காட்டுகிறது. லண்டன் செயின்ட் பாங்கிராஸ் பங்கின் ஏழைகள் விடுதியில் வளர்ந்த அவர், 1799-இல் ஏறத்தாழ ஏழு வயதில், மற்றப் பிள்ளைகளோடு நாட்டிங்ஹாம்ஷயரில் ஒரு பருத்தி ஆலைக்குப் பழகுநராக அனுப்பப்பட்டார். பிறகு டெர்பிஷயரின் லிட்டன் ஆலைக்கு மாற்றப்பட்டார். நாட்டிங்ஹாம்ஷயரிலோ டெர்பிஷயரிலோ திடீரென்று தோன்றும் ஓர் இளந்தொழிலாளியின் ஞானஸ்நானம் அந்த வட்டாரத்தில் எங்கும் கிடைக்கவில்லை என்றால், லண்டன் பங்குகளின் பழகுநர் ஏடுகளையும் பார்க்க வேண்டும். லண்டன் பிள்ளைகளை நாற்பது மைலுக்கு அப்பால் அனுப்பக் கூடாது என்ற தடை 1816-இல்தான் வந்தது.

இருப்பு உரிமை விசாரணை என்று ஒன்று இருக்கிறதாமே, அது என்ன?

என்னைக் கேட்டால், ஏழை முன்னோரைத் தேடுபவருக்கு இதைவிடச் சிறந்த ஆவணம் இல்லை. 1662 சட்டப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கில் இருப்பு உரிமை உண்டு. அவர் நொடித்துப்போனால் அந்தப் பங்குதான் காக்க வேண்டும். 1691 முதல், ஒரு பங்கில் பழகுநராக இருந்து நாற்பது நாள் தங்கினாலே அங்கே உரிமை கிடைத்தது. மணமாகாதவர் ஓராண்டு முழுவதும் கூலிக்கு இருந்தாலும் உரிமை உண்டு.

எனவே வேற்றூர்க்காரர் ஒருவர் உதவி கேட்டு நின்றால், இரு நீதிபதிகள் அவரை உட்காரவைத்துச் சத்தியத்தின்பேரில் விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், தந்தையின் உரிமை எந்த ஊரில், யாரிடம் பழகினாய், எத்தனை ஆண்டு, கடைசி நாற்பது நாள் எங்கே தூங்கினாய், எங்கே மணந்தாய், பிள்ளைகளின் வயது என்ன என்று எல்லாம் எழுதப்படும். ஒரே தாளில் ஒரு மனிதரின் பாதி வாழ்க்கை வந்துவிடுகிறது. விசாரணைக்குப் பின் அவரை உரிய பங்குக்குத் திருப்பி அனுப்பும் ஆணையும் எழுதப்பட்டிருந்தால், அது இரு ஊர்களிலும் தேடத்தக்கது. இவை கவுண்டிக் காப்பகங்களில் பங்கு ஆவணங்களோடு இருக்கும். எல்லாமே இணையத்துக்கு வந்துவிடவில்லை, காப்பகத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே பங்கில் ஒரே பெயரில் இரண்டு ஜான்கள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். எங்களுடையவர் யார்?

முதலில் அந்தக் குழந்தைகளில் யாராவது சிறுவயதிலேயே அடக்கமாகியிருக்கிறாரா என்று பாருங்கள். இறந்துபோன குழந்தையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பது அங்கே சாதாரணம். பத்து வயதைத் தாண்டாத ஒருவரைத் தங்கள் கொள்ளுப்பாட்டனாராக வைத்திருக்கும் குடும்ப மரங்கள் இணையத்தில் நிறைய உண்டு. இருவரும் உயிரோடு இருந்தார்கள் என்றால், பழகுநர் ஆவணத்தின் முதல் வரிக்குத் திரும்புங்கள். தந்தை தச்சரா, நெசவாளரா? அந்தத் தொழில் எந்த ஜானின் தந்தைக்குப் பொருந்துகிறது? ஒப்பந்தத்தின்போது தந்தை இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தால், எந்தத் தந்தையின் அடக்கம் அதற்கு முன்பு வருகிறது?

அடுத்ததாகத் தந்தையின் உயிலைத் தேடுங்கள். 1858-க்கு முன் உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்களே ஏற்று உறுதி செய்தன. "லண்டனில் இருக்கும் என் மகன் ஜானுக்கு" என்று ஒரு வரி இருந்தால் வழக்கு முடிந்தது. கையெழுத்தை ஒப்பிடுவதும் நல்ல வழிதான். ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் உள்ள உயில் எழுத்தர் எழுதிய படி. அதிலுள்ள பெயர் அவர் கையெழுத்தன்று. இரு ஆவணங்களாவது ஒன்றையொன்று தாங்காமல் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதைவிட, அந்த இடத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

பழகுநராக இருந்த காலத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்ததாகப் பதிவு காட்டுகிறது. ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது என்றீர்களே?

தடுக்கிறது என்பதால்தான் இது பயனுள்ள எச்சரிக்கை. பெரும்பாலும் அது அதே பெயருள்ள வேறொருவரின் திருமணம். ஆனால் ஓடிப்போன பையன்களும், ஆசான் இறந்ததால் வேறு ஆசானுக்கு மாற்றப்பட்டவர்களும், பாதியில் விட்டவர்களும் நிறைய இருந்தார்கள். பழகுநராகச் சேர்ந்த எல்லாரும் நகர உரிமை பெறவில்லை. அவர் பின்னாளில் உரிமை பெற்றாரா என்று பாருங்கள். உரிமம் பெற்று நடந்த திருமணம் என்றால் அதற்கான சத்தியப் பத்திரத்தில் வயது, பங்கு, பல நேரங்களில் தொழில் ஆகியவை இருக்கும். 21 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் ஒப்புதலும் குறிக்கப்பட்டிருக்கும்.

மகன் ஞானஸ்நானம் பெற்றது 1720 பிப்ரவரி, பெற்றோர் மணந்தது 1720 மே என்று இருக்கிறது. எழுதியவர் தவறிவிட்டாரா?

தவறு இல்லை. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. 1720 மே கழிந்து, டிசம்பர் கழிந்து, ஜனவரி, பிப்ரவரி வரும்வரை அது 1720-தான். நம் கணக்கில் அந்தப் பிப்ரவரி 1721. குறிப்பெடுக்கும்போது 1720/21 என்று இரட்டையாக எழுதுவது நல்ல வழக்கம். 1752-இல் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் எந்த ஊரிலுமே கிடைக்கவில்லை. இனி என்ன செய்வது?

சில காரணங்களை வரிசையாக விலக்கிப் பாருங்கள். 1640-களின் உள்நாட்டுப் போரிலும் 1660 வரை நீடித்த குடியரசு ஆட்சியிலும் பல பங்குகளில் பதிவு நின்றோ சிதறியோ போயிற்று. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. சிலர் வரி வருமுன் அவசரமாகவும் சிலர் வரி நீங்கிய பின் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே நாளிலும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். குடும்பம் குவேக்கர், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் போன்ற சபைகளில் இருந்திருக்கலாம். அச்சபைகள் ஒப்படைத்த ஏடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4, குவேக்கருக்கு ஆர்.ஜி. 6 என்ற வரிசைகளில் இருக்கின்றன. பிளேக்கின் பன்ஹில் ஃபீல்ட்ஸை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1741 முதல் பிள்ளைகளை ஏற்ற லண்டன் ஃபவுண்டிலிங் மருத்துவமனையின் பிள்ளையாக இருந்தால் நிலைமை வேறு. அங்கே ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயர் சூட்டினார்கள். வளர்ந்தபின் அந்தப் பெயரிலேயே பழகுநராக அனுப்பினார்கள். பழகுநர் பதிவு அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், பங்குப் பதிவேடுகளில் தேடுவதை நிறுத்திவிட்டு நிறுவனத்தின் ஏடுகளுக்குப் போங்கள்.

பெண்களும் பழகுநராக இருந்தார்களா?

இருந்தார்கள். உடை தைப்பதும் தொப்பி, நாடா அலங்காரமும் கற்கச் சேர்ந்த பெண்கள் வரிப் பதிவேட்டில் நிறையவே வருகிறார்கள். ஆனால் மணமான பெண் தொழில் நடத்தினாலும் ஆசானாகக் கணவரின் பெயரே எழுதப்படுவதுண்டு. தச்சரிடம் ஒரு பெண் சேர்ந்ததாகக் கண்டால் கற்றுக்கொடுத்தவர் அவர் மனைவி என்று ஊகிக்க இடமுண்டு. ஆசான் இறந்தால் விதவை கடையையும் பழகுநர்களையும் தொடர்ந்து வைத்துக்கொள்வதும் வழக்கம்.

பழைய கையெழுத்து ஒன்றும் புரியவில்லை, சில பக்கங்கள் லத்தீனில் வேறு இருக்கின்றன.

பதிவுகள் சில வாய்பாடுகளையே திரும்பத் திரும்பச் சொல்வதால், ஒரே எழுத்தரின் பத்துப் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்தால் கண் பழகிவிடும். ஒரு தெளிவான பதிவில் அவர் ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வரைகிறார் என்று தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் யோஹன்னஸ் ஜான், யாக்கோபுஸ் ஜேம்ஸ், குலியெல்முஸ் வில்லியம். ஊர்ப் பெயரும் குடும்பப் பெயரும் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். நீதிமன்ற ஆவணங்களில் 1733-இல் லத்தீன் ஒழிந்தது. குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டு நிலையாக இராது. ஒரே தந்தையின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாக எழுதியிருந்தாலும் வியக்க வேண்டாம்.

எங்கள் முன்னோர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். இங்கிலாந்தில் அவர் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னை முனையிலிருந்து தொடங்குங்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் புனித மரியாள் தேவாலயம் 1680-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலானவை பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. பிள்ளையின் தாய் இந்தியராக இருந்தால் அவர் பெயர் விடுபட்டிருப்பதற்கு அணியமாக இருங்கள். அந்தப் பக்கத்தை உயில்களில்தான் தேட வேண்டியிருக்கும்.

படைவீரர் என்றால் அதே நூலகத்திலுள்ள சென்னைப் படையின் வீரர் பதிவேடுகளைப் பாருங்கள். சொந்த ஊர் அல்லது கவுண்டியும் படையில் சேர்வதற்கு முன் செய்த தொழிலும் அவற்றில் குறிக்கப்படுவதுண்டு. "நெசவாளர்", "செருப்புத் தைப்பவர்" என்று அங்கே காணும் ஒற்றைச் சொல் உங்களை நேராகப் பழகுநர் பதிவுகளுக்குத் திருப்பிவிடும். அலுவலராக வந்தவர் என்றால் வேலை இன்னும் எளிது: எழுத்தர் பதவிக்கான மனுக்களோடு 1749 முதல் ஞானஸ்நானச் சான்றும் இணைக்கப்பட்டிருக்கிறது, பங்கின் பெயர் அதிலேயே இருக்கும்.

பழகுநர் முறை சென்னையிலும் தொடர்ந்தது என்பதையும் கவனியுங்கள். ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஆண்ட்ரூ பெல் 1789 முதல் மேற்பார்த்த ஆண் பிள்ளைகள் காப்பகத்திலிருந்து பல பையன்கள் பழகுநராக அனுப்பப்பட்டார்கள். 1794-இல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளிக்கு வந்தவர்களும் அவர்களே. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாறு அந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் முன்னோர் சென்னையில் பிறந்து நில அளவையாளராக இருந்தவர் என்றால், அவரை இங்கிலாந்துப் பங்குகளில் தேட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் காப்பகத்தின் பதிவில் அவர் தந்தையின் பெயரையும் படைப்பிரிவையும் தேடி, அந்தத் தந்தைக்கான வீரர் பதிவேட்டுக்குப் போங்கள்.